குதிரை நின்ற வாசல்

ஜில்லா கோர்ட்டு வராந்தாவில், குமாஸ்தாக்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பலகை மாட்டியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காகிதம். கோர்ட்டு எல்லைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதவர்களின் பெயர்கள் அதில் மலையாளத்தில் இருக்கும். பெயர், தகப்பன் பெயர், இருப்பிடம். அவர்கள் திருடர்களோ ரௌடிகளோ இல்லை. வக்கீல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்கள். ஜட்ஜி விசாரித்து, இன்னார் அப்படிப்பட்டவர் என்று தீர்மானித்துவிட்டால் பெயர் அந்தப் பலகையில் ஏறிவிடும். அதன் பிறகு சேவகன் அவர்களைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவான்.

வக்கீல் தொழிலுக்குச் சன்னது வாங்கிய புதிதில் நான் தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் போய் வந்தேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து படித்ததில்லை. பிறகு ஒரு காலம் வந்தது. தினமும் நின்று, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே ஏறப் போவது என் அப்பாவின் பெயரா என்பது என் கையெழுத்தைப் பொறுத்ததாக ஆகியிருந்தது.

அப்பா தம்பானூர் ரயில் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஜட்கா வண்டி ஓட்டினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்தவர். எழுத்து தெரியாது. அவர் அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் சிலேட்டு பிடித்தவன் நான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ் என்று மூன்று வாய்களோடு வளர்ந்து, கடைசியில் சட்டப் பரீட்சையும் தேறினேன். கறுப்புக் கோட்டு தைத்து வந்த அன்று அப்பா அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அப்போதும் தொடாமல், "நல்ல துணிதான்" என்று மட்டும் சொன்னார்.

வண்டிக்காரர்களின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற தெற்கத்திக்காரர்களுக்கு இந்த ஊர் தெரியாது, பாஷையும் பாதிதான் பிடிபடும். "கோயிலுக்குப் போகணும், முன்னால குளிக்கணும்" என்பார்கள். "காரம் இல்லாத சாப்பாடா ஒரு இடம் வேணும்" என்பார்கள். எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதை வண்டிக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. தான் இறக்கிவிட்ட இடத்தைப் பற்றி ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்பார்.

வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் நான் ஒரு சின்ன அறை பிடித்தேன். வாசலில் ஒரு வாதாம் மரம். அப்பா மத்தியானத்தில் வண்டியை அந்த நிழலில் நிறுத்தி, குதிரையின் வாயில் கொள்ளுப் பையைக் கட்டிவிட்டு, ஏர்க்காலில் உட்கார்ந்து என் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். போர்டில் என் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. மூன்றும் அவருக்கு ஒன்றுதான்.

"உள்ள வந்து உக்காருங்கப்பா" என்பேன்.

"வேண்டாம் மக்கா. மேல எல்லாம் குதிரை நாத்தம். கட்சிக்காரன் வந்தா என்ன நெனைப்பான்?"

அப்போது எனக்குக் கட்சிக்காரர்களே இல்லை. அதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

என்றாவது எனக்குக் கோர்ட்டில் ஒரு சின்ன மனு இருந்தால் அப்பா எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிடுவார். உள்ளே வர மாட்டார். வராந்தா ஜன்னலுக்கு வெளியே, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் அந்த இரண்டு வாக்கியத்தையும் அரை மணி நேரம் வர்ணிப்பார், ஒரு சொல் புரியாமல்.

பிறகு ஒரு நாள் செங்கோட்டையிலிருந்து ஒருவர் கட்டு நிறையப் பத்திரங்களோடு என் அறைக்குள் வந்தார். சகோதரப் பாகப் பிரிவினை. உட்காரச் சொன்னேன்.

"யார் சொல்லி வந்தீங்க?"

"வண்டிக்காரரு சொன்னாரு. இந்த வக்கீலு பொய் சொல்ல மாட்டாரு, பொய் சொல்லுதவனக் கண்டுபிடிச்சிருவாருன்னாரு. கூலியக்கூட வாங்கிக்கிடல. நல்ல மனுசன். ஒமக்கு அவரத் தெரியுமா?"

தெரியும் என்றேன். வக்கீல் தனக்கு வேலை தேடி ஆளை அனுப்பக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, பிறர் செய்தாலும் தெரிந்துகொண்டு அதன் பலனை வாங்கக் கூடாது. பரீட்சைக்கு நான் நெட்டுருப் போட்ட பக்கம் அது. அந்தப் பக்கத்தை மனசில் வைத்துக்கொண்டே, அவரைக் கும்பிட்டு வேறு வக்கீலிடம் அனுப்பினேன். அவர் புரியாமல் போனார்.

சாயங்காலம் லாயத்துக்குப் போனேன். அப்பா குதிரையின் முதுகை வைக்கோல் புரியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டியில வாரவங்ககிட்ட என் பேரைச் சொல்லக் கூடாது."

"ஏன், நல்ல பேருதான வச்சிருக்கேன்?"

"வெளையாட்டு இல்லப்பா. வக்கீல் ஆளத் தேடிப் போகக் கூடாது. ஆள்தான் வக்கீலத் தேடி வரணும். அது சட்டம்."

அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் யோசித்தார்.

"அப்ப ஊருக்குப் புதுசா வாரவன் எப்படித் தேடுவான்?"

"விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிடுவான்."

"அவன் எங்கிட்டதான விசாரிக்கான்?"

பெரிய வக்கீல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்யாண வீட்டில், கோயில் பிராகாரத்தில், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவர்களுடைய மாமனும் மச்சானும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள். அது பேச்சு. வண்டிக்காரர் சொன்னால் அது ஆள்பிடிப்பு. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் சட்டத்தின் மேல் வைத்திருந்த மரியாதை போய்விடும். நான் அதைப் படித்தேன் என்பதற்காகத்தான் அவர் அதை மதித்தார்.

"என் சன்னதே போயிரும்ப்பா" என்றேன்.

அவர் கை நின்றது. "போயிருமா?" என்றார். பிறகு, "இனி வாயத் தொறக்க மாட்டேன். கூலியும் வாங்கிருதேன். போதுமா?" என்றார்.

அப்பா வாக்குக் கொடுத்தால் அது வாக்குத்தான். நான் அதோடு அதை மறந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தோவாளை, பூதப்பாண்டி, செங்கோட்டை என்று எங்கள் பாஷைக்காரர்கள். "யார் சொல்லி வந்தீங்க?" என்று மறக்காமல் கேட்டேன். "யாரும் சொல்லல. போர்டு தமிழ்ல இருந்துது, வந்தேன்" என்றார்கள். என் பெயர் பரவுகிறது என்று நினைத்தேன். அறைக்கு இரண்டாவது பெஞ்சு ஒன்று வாங்கிப் போட்டேன். அம்மா அந்தப் பெஞ்சைப் பார்க்கவே ஒரு நாள் வந்து, உட்காராமல் அதன் காலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தோவாளைப் பூந்தோட்டக்காரர். வரப்புத் தகராறு. வக்காலத்து வாங்கி, மனுவும் போட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் ஜில்லா ஜட்ஜியிடமிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு நடுவயது வக்கீல் புகார் கொடுத்திருந்தார். பூந்தோட்டக்காரர் தன் மைத்துனர் சொல்படி அந்த வக்கீலைத் தேடித்தான் புறப்பட்டு வந்தாராம். ஏறிய ஜட்கா அவரை என் வாசலில் நிறுத்தியிருக்கிறது. இதுதான் இடம் போலிருக்கிறது என்று இறங்கி உள்ளே வந்துவிட்டார். வண்டிக்காரர் என் ஆள், இது வெகுநாளாக நடக்கிறது, என் சன்னதின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது புகார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டிக்காரர் என் அப்பா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நேரே லாயத்துக்குப் போனேன். எனக்குக் கோபம்.

"வாக்குக் குடுத்தீங்களேப்பா!"

"குடுத்தேன். ஒரு வார்த்தை பேசினேனா, கேட்டுப் பாரு."

"பின்ன எப்படி எல்லாரும் எங்கிட்டயே எறங்குதாங்க?"

அப்பா குதிரையைப் பார்த்தார். குதிரை எங்களைப் பார்க்கவில்லை.

"அது நிக்குது மக்கா."

"எது?"

"இதுதான். ஒன் வாசல் வந்தா நின்னுருது. கொள்ளு தின்னு பழகின எடம் பாத்துக்கோ. தட்டினாலும் நகராது. கழுத்தத் திருப்பிக்கிட்டு மரத்தப் பாக்கும். அதுக்குள்ள வண்டியில இருக்கவன் போர்டப் படிச்சிருதான். 'அட, தமிழ் வக்கீலு'ன்னு எறங்கிருதான். எறங்குதவனப் பிடிச்சு இழுத்து உக்காத்தி வைக்கவா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"என்னன்னு சொல்ல? குதிரை நிக்குதுன்னா?" குதிரையின் பிடரியைத் தட்டிக்கொண்டே, "நின்னா எனக்குச் சந்தோசம்தான். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் தொழில் பழகியது கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் ஒரு பெரியவரிடம். எனக்காக ஆஜராக அவர் ஒத்துக்கொண்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, பொடி டப்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஏன்டா, குதிரையைச் சாட்சிக் கூண்டிலே ஏத்திடலாமா? சத்தியப் பிரமாணம் யார் பண்ணி வைக்கிறது?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இதோ பாரு. ஜட்ஜி நல்லவர்தான். ஆனா ஆள்பிடிப்புன்னா அவருக்கு ஆகவே ஆகாது. ரிப்போர்ட் எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போனா, உன் சன்னதை ரெண்டு வருஷம் நிறுத்தி வைப்பா. சில சமயம் ஒரேயடியா வாங்கிண்டுடுவா. தப்பிக்க ஒரே வழி இருக்கு. நீ அந்தக் கூட்டத்திலே இல்லேன்னு காட்டணும். நான் சொல்றேன், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். 'மேற்படி ஜட்கா வண்டிக்காரர் என் அறிவுக்கும் அனுமதிக்கும் அப்பாற்பட்டுத் தன் சுயலாபத்துக்காக இவ்வாறு நடந்துகொண்டிருக்கிறார். அவரை ஆள்பிடிக்கிறவராகத் தீர்மானித்து, கோர்ட்டு எல்லையிலிருந்து விலக்கி வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.'

"தோப்பனார்னு எங்கேயும் போடாதே" என்றார் பெரியவர். "வண்டிக்காரர்னே போடு. புகார்க்காரருக்கே தெரியாது. கேட்டாச் சொல்லிக்கலாம்."

அப்பா வெளியே வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் அவரைக் கூப்பிட்டு, விஷயத்தைத் தமிழில் விளக்கினார். அப்பா படியேறவில்லை. கீழே நின்றபடியே கேட்டார்.

"எழுதச் சொல்லுங்க சாமி. எம் பேரு எங்க இருந்தா என்ன? அந்தப் பலகைய நான் படிக்கவா போறேன்?"

"கோர்ட்டுக்குள்ளே வரக் கூடாது, அது தெரியறதா?"

"எனக்கு அங்க என்ன சாமி வேல? கேட்டு வரைக்கும் ஆள எறக்கிவிட்டுட்டு வந்துருவேன்." சொல்லிவிட்டு நிறுத்தினார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி முகம். "ஜன்னல் பக்கமும் நிக்கக் கூடாதோ?"

"கூடாது."

"சரி" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "எழுது மக்கா. ரெண்டு பேருல ஒருத்தன் உள்ள இருந்தாப் போதும்" என்றார்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்கத்தான் நான் கண்ணாடிப் பலகைக்குக் கீழே நின்றேன். அந்தப் பெயர்களில் சிலவற்றுக்கு உரியவர்களை எனக்கே தெரியும். ஒருவன் உண்மையிலேயே பாவப்பட்டவர்களை ஏமாற்றிப் பிழைத்தவன். பலகையில் அவனும் மற்றவர்களும் ஒரே மை, ஒரே எழுத்து. தகப்பன் பெயர் எழுத அதில் இடம் உண்டு. மகன் பெயர் எழுத இடம் இல்லை. பெரியவர் சொன்ன யோசனையின் சௌகரியம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருந்தது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. தம்பானூர் ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் அப்பாவைக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். "ஓய், ஒம்ம குதிரைக்கு எப்ப சன்னது குடுக்கப் போறாவ? கோட்டு தச்சாச்சா?" அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் நான் பெரியவரின் நகலை எடுத்து நல்ல காகிதத்தில் எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி ஜட்கா வண்டிக்காரர்' வரை எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. இதில் எந்த வார்த்தையும் சட்டப்படி தப்பு இல்லை. 'சுயலாபத்துக்காக' என்பது ஒன்றுதான் பொய். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் விழுந்துவிடும். புதுக் காகிதம் எடுத்து, 'வண்டி ஓட்டுகிறவர் என் தகப்பனார்' என்று ஆரம்பித்தேன். அவர் என்ன செய்தார், நான் எப்போது தடுத்தேன், பிறகு என்ன நடந்தது என்று குதிரையோடு சேர்த்து எழுதினேன். அவர் யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் இல்லை, தண்டனை எதுவானாலும் பலனை அனுபவித்தவன் என்ற முறையில் எனக்கே சேர வேண்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கோர்ட்டில் அதைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"கெடுத்தியேடா" என்றார் மெதுவாக. பிறகு, "சரி, நானே கொடுக்கறேன்" என்று அவரே அதைக் கொண்டுபோய் ஜட்ஜியின் மேஜையில் வைத்தார்.

ஜட்ஜி படித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் கண் நின்றது. குதிரையாக இருக்க வேண்டும். பிறகு அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நின்ற அப்பா முதல் தடவையாக அந்த ஹாலுக்குள் வந்தார். கூண்டில் ஏறி, தலைப்பாகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டார்.

புகார் கொடுத்த வக்கீல் எழுந்தார். மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார்.

"நிங்ஙளுடெ குதிரைக்கு வாயிக்கான் அறியாமோ? போர்டு படிக்குமா?"

ஹாலில் சிரிப்பு.

"எனக்கே படிக்கத் தெரியாது எசமானே. அதுக்கு எங்க தெரியும்?"

மறுபடியும் சிரிப்பு. அப்பாவும் லேசாகச் சிரித்தார். சபை தன்னோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போலும்.

"பின்னே ஏன் அந்த வாசல்ல நிக்குது?"

"கொள்ளு தின்ன எடம். நெனைப்பு இருக்கும்லா."

"ஆளை இறங்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல. மவன் சொல்லக் கூடாதுன்னான். அதுக்குப் பெறகு நான் ஊமை."

அப்போது ஜட்ஜி கையைக் காட்டி அந்த வக்கீலை நிறுத்தினார். அவரே கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்கு வர வேறே வழி இல்லையா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்ல யோசித்தார் என்று நான் நினைக்கவில்லை. ரோடுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"இருக்கு."

"அந்த வழியாக வந்தால் குதிரை நிற்காதே?"

"நிக்காது."

"பிறகு ஏன் இந்த வழியாகவே வருகிறீர்?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் எங்களுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லச் சொல்வேன் என்று தேடுகிற பார்வை இல்லை அது. இதுகூடவா கேட்பார்கள் என்கிற பார்வை.

"மவன் போர்டு இங்கதான எசமானே இருக்கு?" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஜட்ஜி என்னைக் கேட்டார். குதிரை விஷயம் எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றேன். வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டீரா? யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன், எதில் ஏறி வந்தீர்கள் என்று கேட்கவில்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

ஜட்ஜியின் ரிப்போர்ட் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. முடிவு வர மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். அந்த நாட்களில் புது வக்காலத்து எதுவும் வாங்கவில்லை. இரண்டாவது பெஞ்சைச் சுவரோரம் தள்ளிவைத்தேன். எர்ணாகுளத்திலிருந்து உத்தரவு வந்தபோது பெரியவர்தான் வாசித்தார். வண்டிக்காரர் ஆள்பிடிக்கிறவர் என்பதற்கு ஆதாரம் இல்லை. வக்கீல் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தன் வாசலுக்கு வேலை எந்த வழியில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது வக்கீலின் கடமை, அதில் அவர் தவறியிருக்கிறார். எனவே கண்டிப்பு. சன்னது இருக்கும், கண்டிப்பும் ரிக்கார்டில் இருக்கும். பூந்தோட்டக்காரரின் வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்சிக்காரர்களோடு அந்த வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது.

அந்தத் தீர்ப்பு நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பூந்தோட்டக்காரர் வேறொருவரை நம்பிப் புறப்பட்டு வந்தவர். அவர் வழிமாறியதற்கு என் வாசல் காரணம்.

"அப்ப நான் இனி எங்க போவ?" என்று அவர் கேட்டார். அவரை நானே புகார்க்காரரின் ஆபீசுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். அந்த வக்கீல் எழுந்து அவருக்கு நாற்காலி காட்டினார். நான் திரும்பும்போது வாசல் வரை வந்தார்.

"எனக்கு அச்சன் வக்கீல். மாமனும் வக்கீல்" என்றார். "எனக்காக யாரும் குதிரை ஓட்ட வேண்டி வந்நில்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம்தானே, அல்லே?"

"ஆமா சார்" என்றேன். அவர் நீட்டிய கையைப் பிடித்தேன். அது மனசில்லாத கைகுலுக்கல் இல்லை.

அப்பாவிடம் உத்தரவை விளக்கினேன். பலகையில் பெயர் ஏறாது என்றதும் தலையை ஆட்டினார். வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது என்றதும் மறுபடியும் ஆட்டினார்.

"அந்த வழியா வரவே கூடாதுன்னு சொல்லலையே?"

"இல்லப்பா. நிக்கத்தான் கூடாது."

"நிக்காது."

எப்படி என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை தெரிந்துகொண்டேன். தெருமுனையில் குளம்புச் சத்தம் கேட்டது, பிறகு அது மெதுவானது. எட்டிப் பார்த்தேன். அப்பா வண்டியிலிருந்து இறங்கி, கடிவாளத்தை வாயோரமாக இறுக்கிப் பிடித்து, குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். வாதாம் மரம் வந்ததும் அது கழுத்தை முறுக்கியது. அப்பா தன் தோளை அதன் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்து முன்னே தள்ளினார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு செங்கோட்டைக்காரர் கேட்டார்.

"ஏன்வே எறங்கி நடக்கீரு? வண்டி ஒடஞ்சிட்டா?"

"இந்த எடத்துல இது நிக்கும்" என்றார் அப்பா. "நிக்கப்பிடாது."

போர்டைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாசலைக் கடந்து, அடுத்த கட்டடமும் தாண்டிய பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். அது தினப்படி ஆயிற்று. மத்தியானக் கொள்ளு தம்பானூரிலேயே என்று ஆயிற்று. கோர்ட்டு ஜன்னலுக்கு வருவதை மட்டும் அவர் விடவில்லை. அதை யாரும் தடுக்கவில்லை.

எனக்குக் கட்சிக்காரர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். ஒவ்வொருவரையும், எதில் ஏறி வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொன்னேன். சிலர் இதென்ன பைத்தியம் என்று பார்த்தார்கள். பஸ் என்றார்கள், நடை என்றார்கள். இரண்டாவது பெஞ்சு மறுபடியும் நடுவுக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

பிறகு பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தார்கள். நாகர்கோவிலும் தோவாளையும் செங்கோட்டையும் தமிழ்ப் பக்கம் போயின. அந்த ஊர்க்காரர்களுக்கு இனி அங்கேதான் கோர்ட்டு. தெற்கு பஸ்ஸில் பத்திரக் கட்டுகளோடு வந்து இறங்குகிறவர்கள் இல்லாமலே போனார்கள். கோர்ட்டு ரோட்டில் அப்பாவின் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் போனது. காலி வண்டியோடு அந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இல்லை. அவர் வந்தார்.

அப்படி ஒரு மத்தியானம் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் அப்பா இறங்கினார், கடிவாளத்தைப் பிடித்தார், நடத்திக்கொண்டு வந்தார். உள்ளே யாரும் இல்லை. உத்தரவில் சொன்னது கட்சிக்காரர்களோடு வருகிற வண்டியைத்தான். எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம்.

"அப்பா, வண்டி காலிதான? நில்லுங்க. கொஞ்சம் நெழல்ல நின்னுட்டுப் போங்க. தப்பில்ல."

குதிரை நின்றுவிட்டது. என் குரலுக்கு இல்லை, மரத்துக்கு. நாலு வருஷத்துக்குப் பிறகும் அதற்கு ஞாபகம் இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். வெயிலில் அதன் வர்ணம் வெளுத்திருந்தது.

"பெயிண்ட் அடிக்கணும் மக்கா" என்றார்.

"அடிக்கேன். நீங்க நில்லுங்க."

"இல்ல. நிக்காதுன்னு சொல்லிட்டேன்லா."

தோளைத் தாடைக்குக் கீழே கொடுத்து, அதை மெதுவாக முன்னே தள்ளினார். அது கழுத்தைத் திருப்பி மரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தது.